வண்டி நிற்க வேண்டுமே!

என் நாவல்களில் எத்தனையோ வண்டிகள் ஓடியிருக்கின்றன. மாட்டு வண்டி, ஜட்கா, லாரி, ஒரு நாவலில் ரயில்கூட. அவை நிற்க வேண்டிய இடம் வந்தால் ஒரு முற்றுப்புள்ளி வைப்பேன், நின்றுவிடும். இருபது வருஷமாக இந்தச் சௌகரியத்தில் எழுதிக்கொண்டிருந்தவனுக்கு, நிஜ வண்டி ஒன்று நிற்பதற்கு என்னென்ன வேண்டும் என்பது சென்ற வருஷம்தான் தெரிந்தது. அதுவும் என்னுடைய கஞ்சத்தனத்தினால் தெரிந்தது.

வண்டி ஒரு பழைய பிக்கப். அதில் பாதி என்னுடையது. என் கதை ஒன்றைச் சினிமாவுக்காகக் கேட்டு முன்பணம் கொடுத்தார்கள். படம் வரவில்லை, பணம் மட்டும் வந்தது. (சினிமா உலகில் இது அபூர்வம். வழக்கமாக நேர்மாறாகத்தான் நடக்கும்.) அந்தப் பணத்தில் பாதியும் என் தங்கையின் நகையில் பாதியும் சேர்ந்து, ஏற்கெனவே இரண்டு கை மாறியிருந்த அந்த வண்டியாக ஆயின. ஓட்டுகிறவர் தங்கையின் கணவர். இரவு இரண்டு மணிக்குத் தண்டலத்திலிருந்து புறப்பட்டுக் கோயம்பேட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு, பூந்தமல்லி வழியாகத் திரும்பி, ஒரகடத்துத் தொழிற்சாலைக் காண்டீன்களில் விடிவதற்குள் இறக்க வேண்டும். பகலில் கிடைத்த சவாரி.

தண்டலம் எங்கள் ஊர். பெங்களூர் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் போகிறவர்கள், பெரிய மருத்துவக் கல்லூரி ஒன்றைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமலே தாண்டிப் போவார்கள். 1996-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலைக்கு வேலை தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டிருந்தேன். 1998-ல் முதல் கார்கள் வெளியே வந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி என்று வரிசையாக வந்துவிட்டார்கள். வண்டிகளைச் சோதிப்பதற்கென்றே சர்க்கார் நடத்துகிற ஆராய்ச்சி நிலையம்கூட ஒரகடத்தில் இருக்கிறது. உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற இந்தப் பிரதேசத்தில் என் வண்டிக்குப் பிரேக் இல்லை என்றால் அந்த வெட்கத்தை நான் யாரிடம் சொல்லிக்கொள்வது?

நடந்தது இதுதான். முன் சக்கரத்துப் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. மாப்பிள்ளை ஒரு கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். "மச்சான், நல்ல பேடா பாத்து வாங்கி மேஸ்திரிகிட்ட குடுத்துடுங்க" என்று போனில் சொன்னார். நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேஜைமேல் வைத்தார். ஒன்று 1,700 ரூபாய். இன்னொன்று 450. இரண்டையும் திறந்து பார்த்தேன். இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே வடிவம், ஒரே கனம். நல்ல சீப்பாக இருக்கிறதே, சொந்த மூளையை உபயோகித்து மாப்பிள்ளைக்கு 1,250 ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுப்போம் என்று நினைத்தேன். மேஸ்திரி அன்று இல்லை; பட்டறைப் பையன் மாட்டிவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் மாதத்து மத்தியானம். வண்டி நிறையச் சிமெண்டு மூட்டை. பூந்தமல்லியிலிருந்தே நெரிசல், மிதிப்பதும் விடுவதுமாக வந்திருக்கிறார் மாப்பிள்ளை. தண்டலத்துக்கு அருகில் கொஞ்சம் சாலை திறந்ததும் வேகம் எடுத்திருக்கிறார். முன்னால் போன கம்பெனிப் பஸ் திடீரென்று நின்றது. இவர் மிதித்தார். பெடல் கல் மாதிரி நின்றது, வண்டி நிற்கவில்லை. இடது பக்கம் ஒடித்து மண்ணில் இறக்கி, ஒரு டீக்கடை வாசலில் கிடந்த பெஞ்சியை இடித்துத்தான் நின்றது. பெஞ்சியில் அந்த நிமிஷம் யாரும் இல்லை. கடைப் பையன் அதற்குச் சற்று முன்புதான் அதிலிருந்து எழுந்து, எச்சில் கிளாஸ்களை அள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தான்.

இதை மாப்பிள்ளை என்னிடம் சொல்லவில்லை. பெஞ்சிக்குப் பணம் கொடுத்துவிட்டு, வேறு பேட் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பத்து நாள் கழித்துத் தங்கைதான் சொன்னாள். சோறு போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "அண்ணா, அவர் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டார். நீங்க வாங்கிக் குடுத்ததாச்சேன்னு" என்றாள். அன்று நான் சாப்பிட்டு எழுந்தது எப்படி என்று எனக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். மேஸ்திரிக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். என் தகப்பனாருக்குப் பழக்கமானவர். கழற்றிய பேடை என் கையில் கொடுத்தார்.

"தடவிப் பாருங்க தம்பி."

மேல்பாகம் வழவழவென்று கண்ணாடியாட்டம் இருந்தது.

"சூட்டுல உள்ள இருக்கற பசை உருகி மேல வந்து பாலீஷ் போட்டுக்கிச்சு. அப்புறம் அது டிஸ்க்கைப் புடிக்காது. கொஞ்சும்."

கொஞ்சும் என்ற அந்தச் சொல்லை நான் எந்த நாவலிலும் அப்படி உபயோகித்ததில்லை.

கல்லூரியில் இரண்டு வருஷம் உட்கார்ந்து, பௌதிகத்தில் தடுமாறி வெளியே வந்தவன் நான். ஆனாலும் அன்று இரவு ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுமையோடு சேர்த்து இரண்டரை டன் வண்டி, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒரு தடவை நிற்கும்போது உண்டாகிற சூடு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிடும். வேகம் 80 ஆனால் இரண்டு லிட்டர். அதே வண்டி மலையிலிருந்து 600 மீட்டர் இறக்கம் இறங்கும்போது, என்ஜின் பங்கு போட்டுக்கொள்ளாமல் பிரேக்கை மட்டும் நம்பினால், ஐம்பது லிட்டர்: மூன்று குடம் வெந்நீர்! அத்தனை சூடும் உள்ளங்கை அகலமுள்ள நாலு வில்லைகளிலும், அவை கவ்வுகிற டிஸ்க்குகளிலும், பின் சக்கரத்து டிரம்களிலும் இறங்க வேண்டும். வண்டியை நிறுத்துவது என்று நாம் சொல்வது, ஓட்டத்தைச் சூடாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிற காரியம்தான். அந்தச் சூட்டில் குணம் மாறாமல் இருக்கிற சரக்குக்குத்தான் 1,700 ரூபாய்.

இந்தச் சரக்கைத் தேடி மனிதன் அலைந்த கதை சுவாரஸ்யமானது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப் பக்கத்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்று ஒருவர் இருந்தார். சரிவில் இறங்கும் குதிரை வண்டிக்காரர்கள், சக்கரத்தை அழுத்தும் மரக்கட்டையில் பழைய பூட்ஸ் தோலை வைத்து ஓட்டுவதை அவர் பார்த்தாராம். செருப்புத் தோல் பிடிக்கும் என்றால் அதைவிட நன்றாகப் பிடிப்பது ஏதாவது இருக்காதா என்று ஆராயத் தொடங்கி, 1897-ல் பருத்திப் பட்டையில் பசையை ஊறவைத்து ஒரு பிரேக் கட்டை செய்தார். தம் பெயரின் எழுத்துகளைக் கலைத்து, ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டு, 'ஃபெரோடோ' என்று தம் சரக்குக்குப் பெயரிட்டார். பருத்தி சூட்டில் கருகியது. 1908 வாக்கில் அவர் கண்டெடுத்த மாற்று, ஆஸ்பெஸ்டாஸ். கல்லிலிருந்து எடுக்கிற நார். எரியாது, உருகாது, விலையும் மலிவு. பிரேக்குக்கென்றே கடவுள் படைத்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய எண்பது வருஷம் உலகத்து வண்டிகளெல்லாம் அதில்தான் நின்றன.

அந்த நாரின் தூசி நுரையீரலில் போய்த் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக எழுந்துகொள்ளும் என்பது பிறகு தெரிந்தது. பிரிட்டன் 1999-ல் தடை செய்தது. ஆஸ்திரேலியா 2003 முடிவில். அமெரிக்கா அங்கே பாக்கியிருந்த வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்கு 2024 மார்ச்சில் தடை உத்தரவு போட்டது. நம் நாட்டில் இறக்குமதி இன்னும் முழுவதும் நிற்கவில்லை. கூரைத் தகடுகளுக்காக வந்துகொண்டுதான் இருக்கிறது. பெரிய பிரேக் கம்பெனிகள் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத சரக்குக்கு மாறிவிட்டன. பெட்டியிலேயே அச்சடித்தும் விடுகிறார்கள். ஒன்றுமே அச்சடிக்காத 450 ரூபாய்ப் பெட்டியில் என்ன இருந்தது? கண்ணால் பார்த்து எந்த மேஸ்திரியாலும் சொல்ல முடியாது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க வாத்தியாரும் கடைசியில மூச்சு வாங்கித்தான் போனாரு" என்றார். வாத்தியார் என்றால் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். அந்தக் காலத்தில் லாரி பிரேக் ஷூவுக்கு லைனிங்கை ரிவெட் அடித்துப் பொருத்துவார்களாம். டிரம்மில் சரியாக உட்காரும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். ஓட்டை போடுவார்கள். டிரம்மைக் கழற்றினால் உள்ளே குவிந்திருக்கும் சாம்பல் நிறப் பொடியை வாயால் ஊதித் தள்ளுவார்கள். கம்ப்ரசர் வந்த பிறகு அதனால் ஊதினார்கள். பட்டறை முழுவதும் பனி மாதிரி நிற்குமாம். "அதுலயே ஒக்காந்துதான் சோறு தின்னோம்" என்றார். வாத்தியாருக்கு வந்தது எந்த நோய் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. பீடி என்றார்கள். பீடியும் பிடித்தவர்தான்.

1995 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நிலைப் பதிவையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமோ வேலையை விட்டபின் 15 வருஷமோ, எது பிந்தியதோ அதுவரைக்கும் வைத்திருக்க வேண்டும் என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நெடுஞ்சாலை ஓரத்துக் கீற்றுக்கொட்டகைப் பட்டறையில் எந்தப் பதிவு, யார் வைத்திருப்பது? என் மேஸ்திரியின் பதிவேடு அவருடைய இருமல்தான். நான் அங்கே இருந்த ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு முறை இருமினார். பட்டறைப் பையன் அதைக் காதில் வாங்காமல், கம்ப்ரசர் குழாயை எடுத்து ஒரு டிரம்மைப் 'புஸ்' என்று ஊதிக்கொண்டிருந்தான்.

இப்போது பேடுக்குள் என்னதான் போடுகிறார்கள் என்று கேட்கலாம். இதை நான் கொஞ்சம் ஆசையோடு படித்தேன். ஒரு குழம்புக்குச் சாமான் போடுகிற மாதிரிதான். சேர்த்துப் பிடிக்க ஃபினாலிக் பிசின். பலத்துக்கு அராமிட் என்கிற செயற்கை நாரோ, கல்லை உருக்கி இழுத்த பஞ்சோ, இரும்பு இழையோ. வழவழப்புக்குக் கிராஃபைட். இடத்தை நிரப்பப் பேரைட்ஸ் என்ற கனமான கல். நம் பக்கத்துப் பழைய கடப்பை ஜில்லாவின் மங்கம்பேட்டையில் மலையாகக் கிடக்கிறது. கடைசியாக ஒரு சாமான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது: முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய்! அதைக் கெட்டியாக்கிப் பொடி செய்து போட்டால் பேட் கிறீச்சிடாமல், பதமாகப் பிடிக்குமாம்.

என் தாயாரின் ஊர் பண்ருட்டிப் பக்கம். அந்த எண்ணெயை எனக்கு நன்றாகத் தெரியும். சிறு வயதில் விடுமுறைக்குப் போனபோது, சுடாத கொட்டையைக் கல்லால் உடைத்து, பட்ட இடமெல்லாம் புண்ணாகி அழுதிருக்கிறேன். அங்கே கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல் நுனி கறுத்துத் தோல் உரிந்துதான் இருக்கும். அந்தக் கைகளைச் சுட்ட எண்ணெய், ஒரகடம் சாலையில் ஒரு வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

சாமான்களின் அளவு மாறினால் பேடின் ஜாதி மாறுகிறது. இரும்பு அதிகமாக இருந்தால் 'செமி மெட்டாலிக்'. சூட்டைத் தாங்கும், மலை இறக்கத்துக்கு நல்லது. ஆனால் டிஸ்க்கைத் தின்னும், சத்தம் போடும், காலைக் குளிரில் முதல் மிதிக்குச் சற்று யோசிக்கும். இரும்பு குறைந்தோ இல்லாமலோ இருப்பது 'ஆர்கானிக்'. மெத்தென்று பிடிக்கும், டிஸ்க்குக்கு நல்லது; மட்டமான சரக்கானால் சூட்டில் கைவிடும். 'செராமிக்' என்று மூன்றாவது ஒன்று இருக்கிறது. தூசியும் சத்தமும் குறைவு; சொந்தக் கார் வைத்திருக்கிற கனவான்களுக்கு ஏற்றது. செம்பும் போட்டுக்கொண்டிருந்தார்கள். பேட் தேய்ந்து விழுகிற செம்புத்தூள் மழையில் அடித்துப் போய் ஆற்று மீன்களைக் கெடுக்கிறது என்று கலிஃபோர்னியாவில் 2010-ல் சட்டம் செய்து, 2025-லிருந்து அரைச் சதவீதத்துக்கு மேல் செம்பு கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். எங்கள் சாலையில் பெய்கிற மழை எந்த ஏரிக்குப் போகிறது என்று எனக்குத் தெரியும். செம்பரம்பாக்கத்துத் தண்ணீரைத்தான் சென்னை குடிக்கிறது.

ஆக, எதை வாங்குவது? இந்தத் தடவை மூன்று பேரும் சேர்ந்து கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் செராமிக் பெட்டி ஒன்றை எடுத்து வைத்து, "இதான் சார் இப்ப பெஸ்ட்" என்றார். போன தடவை மலிவைக் கேட்டவன், இந்தத் தடவை குற்ற உணர்ச்சியோடு வந்திருக்கிறான் என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. வியாபாரிகள் நல்ல மனத்தத்துவ நிபுணர்கள். நான் பணத்தை எடுக்கப் போனேன். மேஸ்திரி என் கையைப் பிடித்தார்.

"வெலையப் பாத்தா நிறுத்தறது? வண்டியப் பாருங்க தம்பி. டிஸ்க்கு ஏற்கெனவே தேஞ்சிருக்கு. பின்னாடி டிரம்மு. கம்பெனிக்காரன் எந்த ஜாதியப் போட்டு வண்டிய வெளிய அனுப்பினானோ, அதையே போடணும். முன்னாடி மட்டும் பலமா புடிச்சா, மழைல திருப்பம் வர்றப்ப பின்பக்கம் சுத்திக்கும்."

மாப்பிள்ளைக்கு ஒரு சங்கடம் இருந்தது. ஏலகிரியில் ஒரு விடுதி கட்டுகிறார்கள். வாரம் ஒரு லோடு கேட்டிருந்தார்கள். பதினான்கு கொண்டை ஊசி வளைவு. "அதுக்கு இரும்பு கலந்ததுதானே நல்லது மேஸ்திரி?" என்றார். மேஸ்திரி யோசித்தார். தினமும் மலையானால் அதுதான் என்றார். வாரத்தில் ஆறு நாள் சமவெளியில் நின்று நின்று போகிற வண்டிக்கு ஒரு நாள் மலைக்காக டிஸ்க்கைப் பலி கொடுக்க வேண்டாம். மலையில் எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, என்ஜின் பாதி பிடித்துக்கொள்ளும் என்றார். அதோடு பிரேக் ஆயிலை மாற்றச் சொன்னார். அது காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கிற சரக்கு. புதிதாக 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டிய ஆயில், ஈரம் ஏறிவிட்டால் 140-க்கே கொதிக்கலாம். கொதித்தால் பெடல் பஞ்சாகித் தரையைத் தொடும். பேட் கைவிட்டால் பெடல் கல். ஆயில் கைவிட்டால் பெடல் பஞ்சு. எங்கள் வண்டியில் ஆயிலை மாற்றி எத்தனை வருஷமோ!

முடிவாக வாங்கியது, வண்டிக்காரர்கள் போட்டு அனுப்பின அதே ஜாதி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத ஆர்கானிக். அதன் முதுகில் 'எஃப் எஃப்' என்று இரண்டு எழுத்து அச்சாகியிருந்தது. அது என்ன என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. நான் படித்திருந்ததனால் கொஞ்சம் ஜம்பமாகவே சொன்னேன். முதல் எழுத்து சாதாரண நிலையில் எவ்வளவு பிடிக்கும் என்பது. இரண்டாவது நன்றாகச் சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45, 'ஜி' அதற்கும் மேல். இரண்டாவது எழுத்து கீழே இறங்கியிருந்தால் சூட்டில் சறுக்குகிற பேட் என்று அர்த்தம். ஓர் அங்குலத் துண்டை வெட்டிச் சோதித்துப் போடுகிற எழுத்து. அதுவே முழு உத்தரவாதம் ஆகிவிடாது. ஆனாலும் நம்மிடம் ஏதோ ஒன்றைச் சொல்லத் துணிந்த பெட்டி அது. பழைய 450 ரூபாய்ப் பெட்டியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒரு கழுகுப் படம் போட்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

சென்னைக்கு மேற்கே பாடியில் 1962-லேயே பிரேக்ஸ் இண்டியா வந்தது. அம்பத்தூரில் 1964-ல் ரானே, மறுபடி பாடியில் 1974-ல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ். நாடு முழுவதற்கும் பிரேக் செய்து கொடுத்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பிரயாண தூரத்தில் உட்கார்ந்துகொண்டு நான் கழுகுப் படத்தை நம்பியிருக்கிறேன்.

மாட்டுகிற அன்று பையனிடம், கம்ப்ரசரால் ஊதாதே, ஈரத்துணியால் துடை என்றேன். ஒரு முகமூடியும் வாங்கிக் கொண்டு போயிருந்தேன். அவன் மேஸ்திரியைப் பார்த்தான். மேஸ்திரி சிரித்தார். "எழுதறவரு சொல்றாரு, செய்யேன்" என்றார். பையன் துடைத்தான். அடுத்த வாரம் போனபோது முகமூடி சுவரில் ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணியும் இருந்தன. யாருக்காக வைத்தது என்று நான் கேட்கவில்லை.

புதுப் பேடை உடனே நம்பக் கூடாதாம்; டிஸ்க்கோடு பழக்க வேண்டும். ஐம்பது வேகத்திலிருந்து மெதுவாக மிதித்து இருபதுக்குக் கொண்டுவந்து, சற்று ஆறவிட்டு, மறுபடியும் மிதித்து, இப்படி முப்பது தடவை. மறுநாள் விடியற்காலையில் மாப்பிள்ளை என்னையும் ஏறச் சொன்னார். காலி வண்டி. ஒவ்வொரு தடவை அவர் மிதிக்கும்போதும் என் காலும் தரையை மிதித்தது. பத்துப் பன்னிரண்டு தடவைக்குப் பிறகு லேசாகத் தீய்ந்த வாசனை வந்தது. பயந்துபோய் அவரைப் பார்த்தேன். "புதுசுன்னா அப்படித்தான் மச்சான், ஒண்ணுமில்ல" என்றார். அந்தப் பிரயாணத்தில் அவர் பிரேக்கைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். பெஞ்சியைப் பற்றி அவரும் பேசவில்லை. எனக்கும் வாய் வரவில்லை.

முப்பதாவது தடவை வண்டி நின்ற இடம் அந்த டீக்கடை. வேண்டுமென்றேதான் நிறுத்தினார் என்று நினைக்கிறேன். வாசலில் புதுப் பெஞ்சி கிடந்தது. ஒரு பையன் இரண்டு டீயைக் கொண்டுவந்து என் கையில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, வண்டியின் முன்பக்கம் போய்க் குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.

"மாத்திட்டீங்களாண்ணா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டான்.

"மாத்தியாச்சு" என்றார் அவர்.

பையன் வந்து பெஞ்சியில், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.